சுண்ணாம்புச் சூளையும் செப்புத்தகடும்

மறுமலர்ச்சிக் காலம் பண்டை உரோமாபுரியின் கலையை அழிவினின்றும் காப்பாற்றியது என்று பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. இதற்குச் சான்றாக, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெளிவந்த செப்புத்தகட்டு அச்சுச் சித்திரங்களை எடுத்துக்காட்டுவதும் வழக்கம். உரோமக் கோயில்களின் தூண்தலைகள், தூணடிகள், கொடுங்கைகள், சிற்பப் பட்டைகள் ஆகியவற்றை நுணுக்கமாகத் தீட்டிய தாள்கள் அவை. ஆசிரியர் இக்கூற்றை ஒப்புவிக்கின்றார், மாணவர் அதனையே எழுதிப் புள்ளி பெறுகின்றனர், ஐயம் எழுவதில்லை.

இக்கூற்றிற் பாதி உண்மை. மறு பாதியைச் சொல்லாது விடுவதனாலேயே அது பொய்யாகிவிடுகின்றது. தாளிலே காத்த அதே காலம், அதே நகரம், பல வேளைகளில் அதே புரவலர்கள், கல்லிலே அழித்தனர். செப்புத்தகட்டில் ஒரு தூண்தலை செதுக்கப்பட்ட அதே ஆண்டுகளில் அதனையொத்த தூண்தலைகள் சுண்ணாம்புச் சூளையில் எரிந்துகொண்டிருந்தன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காத கலைச் சரித்திரம் எஜமானரின் சரித்திரமேயன்றி வேறன்று. இதனை நிறுவுவதே எமது நோக்கம்.

இச்சித்திரங்கள் எவை என்பதை முதலிற் பார்ப்போம். செபாஸ்தியானோ செர்லியோ என்னும் கட்டிடக் கலைஞர் உரோமாபுரியில் பயின்றவர். 1527இல் பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் படைகள் அந்நகரைச் சூறையாடிய பின்னர் அவர் வெனிசில் வாழ்ந்தார். அங்கு 1528இல், அகொஸ்தீனோ வெனெசியானோ என்னும் செதுக்குநருடன் சேர்ந்து ஒன்பது தாள்களை வெளியிட்டார். தோரிய, அயோனிய, கொரிந்திய முறைகள் மூன்றுக்கும் தூணடி, தூண்தலை, மேல்விட்டம் என முறைக்கு மூன்றாக அமைந்தவை அவை. அடுத்த பத்தாண்டுக்குள் இன்னொரு கைவினைஞர் இவ்வகையிற் பல தாள்களைச் செய்தார். அவருடைய பெயரை எவரும் அறியார். G, A என்னும் எழுத்துக்களுக்குரிய இலத்தீன் வடிவங்களையும், குதிரைகளின் குளம்பைத் துளைப்பதற்குப் போர்க்களத்தில் எறியப்படும் இரும்பு முள்ளின் உருவத்தையும் தம் ஒப்பமாக விட்டுச் சென்றார். அம்முள்ளுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் நெருஞ்சியின் பெயரே, வடிவும் அதுவே. எனவே நாம் அவரை நெருஞ்சிமுள் கைவினைஞர் என்றே அழைப்போம்.

இவர்களைத் தொடர்ந்து வந்தவர் அந்தோனியோ லாப்ரேரி. பர்கண்டிப் பிரதேசத்திற் பிறந்த இவர் 1544 அளவில் உரோமாபுரியிற் பதிப்பகம் நடத்தத் தொடங்கினார். 1553இல் ஸ்பானியரான சலமன்கா என்னும் பதிப்பாளருடன் கூட்டுச் சேர்ந்தார். 1562இற் சலமன்கா இறந்தபின் தனித்து நின்றார். பழைய கட்டிடங்கள், சிலைகள், அலங்காரங்கள் ஆகியவற்றின் படங்களைத் தனித்தனித் தாள்களாக விற்றார். 1570களில் இத்தாள்களுக்கென ஒரு முகப்புத் தாளையும் எத்தியென் துபெராக் என்பவரைக் கொண்டு செதுக்குவித்தார். வாங்குவோர் தாம் விரும்பிய தாள்களைத் தெரிந்து, முகப்பையும் சேர்த்துத் தைத்துக்கொண்டனர். ஆகவே ஒரு தொகுதி மற்றொன்றை ஒத்திருப்பதில்லை. முகப்பிலிருந்த பெயரை நாம் 'உரோம மகத்துவத்தின் கண்ணாடி' எனத் தமிழிற் சொல்லலாம். சிக்காகோப் பல்கலைக்கழக நூலகம் மட்டுமே இவ்வகைத் தாள்கள் ஏறக்குறைய ஆயிரத்தை இன்று வைத்திருக்கின்றது.

கண்ணாடி என்றார்கள். நன்று. அக்கண்ணாடிக்குப் பின்னால் நடந்தது என்ன?

சலவைக்கல்லை எரித்தாற் சிறந்த சுண்ணாம்பு கிடைக்கும். முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் சூளையில் எரிவதைப் பார்த்து வளர்ந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உரோமாபுரியின் நடுவிலே ஒரு வட்டாரம் முழுவதும் சுண்ணாம்பு சுடுவோரின் பெயரையே மத்திய காலத்திற் பெற்றிருந்தது. எரிபொருளை மட்டும் கொண்டுவந்தாற் போதும். கல் காலடியில் இருந்தது. கோயிலின் தூண்தலை, மன்னனின் சிலை, கல்வெட்டு எல்லாம் சூளைக்கு ஒன்றே.

இது அறியாத மத்திய காலத்தவரின் செயல், மறுமலர்ச்சி வந்ததும் நின்றுவிட்டது என்று எண்ணுவோர் சான்றுகளைப் பார்ப்பார்களாக. 1515இல் பாப்பரசர் பத்தாம் லியோ, ஓவியர் ராபாயேலுக்கு ஓர் அதிகாரம் வழங்கினார். நகரிலும் அதனைச் சுற்றிப் பத்து மைல் எல்லையிலும் தோண்டியெடுக்கப்படும் சலவைக்கற்கள் பற்றிய தகவல் யாவும் ராபாயேலுக்கு வரவேண்டும். அவற்றுள் வேண்டியவற்றைப் புனித இராயப்பர் பேராலயத்தின் கட்டிட வேலைக்கு அவர் வாங்கிக்கொள்ளலாம். எழுத்துப் பொறித்த கற்களை அவருடைய அனுமதியின்றி வெட்டலாகாது என்றும் அவ்வாணை கூறிற்று. எழுத்துக்குப் பாதுகாப்பு இருந்தது, கல்லுக்கு இருக்கவில்லை.

அதே ராபாயேல், அறிஞர் கஸ்திலியோனேயின் துணையுடன் 1519 அளவிற் பாப்பரசருக்கு ஒரு கடிதம் வரைந்தார். பழைய நகரின் சிலைகளும் அலங்காரங்களும் சுண்ணாம்பாக்கப்பட்டன, நாம் இன்று காணும் புதிய உரோமாபுரி முழுவதும் பழைய சலவைக்கல்லின் சுண்ணாம்பினாலேயே கட்டப்பட்டது, இந்நாசத்திற்கு முந்திய பாப்பரசர்களும் பொறுப்பாளிகள் என்று அதில் முறையிட்டார். 1520இல் அவர் இறந்தார். முறையீட்டிற்கு என்ன பலன்? 1540இற் பாப்பரசர் மூன்றாம் பவுல், பேராலயக் கட்டிட நிர்வாகத்திற்கு உரோமாபுரியின் பழைய பொதுமன்றாகிய போரத்திலும் பிற இடங்களிலும் கல் தோண்டும் உரிமையை வழங்கினார். கோயில்களின் எச்சங்கள் அத்திவாரம் வரை பிடுங்கப்பட்டன. 1546இல், கொன்சல்களின் பெயர்களையும் வெற்றி ஊர்வலங்களையும் பொறித்த புகழ்பெற்ற கற்பலகைகள் கண்டெடுக்கப்பட்டதும் இவ்வாறு கல் தோண்டியபோதே. அவை எழுத்துடையனவாகையாற் கப்பித்தோல் குன்றுக்குச் சென்று பிழைத்தன. அருகிற் கிடந்த பெயரற்ற அலங்காரக் கற்களுக்கு அப்பேறு கிட்டவில்லை. லாப்ரேரியின் அச்சகம் அந்நகரிலே சுறுசுறுப்பாக இயங்கத் தொடங்கியதும் இந்த ஆண்டுகளிலேதான் என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

இன்னும் ஓர் உதாரணம் போதும். பேரரசன் செப்திமியஸ் செவெரஸ் கி.பி. 203இல் எழுப்பிய செப்திசோதியம் என்னும் மூன்றடுக்குத் தூண்முகப்பின் ஒரு மூலை 16ஆம் நூற்றாண்டிலும் நின்றது. ஓவியர் அதனை வரைந்தனர். பதிப்பாளர் அதனை அச்சிட்டு விற்றனர். பயணிகள் வாங்கிச் சென்றனர். 1588இற் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸின் ஆணையால் அதனை உடைக்கத் தொடங்கினர்; அடுத்த ஆண்டில் அது இல்லை. அதன் கற்கள் புதிய கட்டிடங்களுக்குப் போயின. இன்று அதனைக் காண விரும்புவோர் அச்சுத் தாளையே பார்க்க வேண்டும். இதைத்தான் பாடநூல் 'காப்பாற்றியது' என்கின்றது!

தாளை மதித்தவர்கள் கல்லை மதியாததேன்? இதனைத் தனிமனிதரின் முரண்பட்ட குணம் என்று விட்டுவிடலாகாது. கல்லின் பயன் வேறு, படத்தின் பயன் வேறு. பழைய பேரரசின் வாரிசு தாமே என்று நிறுவ விரும்பிய திருச்சபைக்கும் பிரபுக்களுக்கும் இரண்டும் வேண்டியிருந்தன. கட்டுவதற்குக் கல் வேண்டும். பாரம்பரியம் பேசுவதற்கு வடிவம் வேண்டும். வடிவத்தைத் தாளில் ஏற்றியபின் கல்லை விட்டுவைக்க வேண்டிய தேவை குறைந்தது. அன்றியும், நின்றுகொண்டிருக்கும் பழங்கட்டிடம் எவருக்கும் இலாபம் தருவதில்லை; செப்புத்தகடோ மீண்டும் மீண்டும் அச்சிட்டு விற்கத்தக்கது. தகடு தேய்ந்தால் அதன் கோடுகளை மறுபடி ஆழமாக்கலாம். அதனை விற்கலாம், அடகு வைக்கலாம், வாரிசுகளுக்குப் பங்கிடலாம். 1577இல் லாப்ரேரி மரணசாதனம் எழுதாது இறந்தபோது, அவருடைய தகடுகள் உறவினரிடையே பிரிந்தன. பின்வந்தோர் பழைய பெயரைத் தேய்த்தழித்துத் தம் பெயரைப் பொறித்து விற்றனர். 1528இலேயே செர்லியோவும் அகொஸ்தீனோவும் தம் தாள்களைப் பிறர் அச்சிடாதிருக்கும் தனியுரிமையை வெனிசுச் செனற் சபையிடம் கேட்டிருந்தனர். பண்டைய மக்கள் திரளின் உழைப்பாற் பிறந்த கொரிந்தியத் தூண்தலை இவ்வாறு ஒரு வியாபாரப் பொருளாயிற்று.

இனித் தாளையே பார்ப்போம். வெறும் வெள்ளைப் பரப்பின் நடுவே ஒரு தூண்தலை மிதக்கின்றது. முள்ளிலைகள் மேலெழுந்து வளைகின்றன. சுருள்கள் மூலைகளைத் தாங்குகின்றன. நிழற்கோடுகள் ஒன்றையொன்று வெட்டி உருட்சியைக் காட்டுகின்றன. செதுக்கியவரின் கையை நாம் மனமார வியக்கின்றோம். ஆனால் அத்தூண்தலைக்குக் கீழே தூண் இல்லை; மேலே கூரை இல்லை; சுற்றிலும் கட்டிடம் இல்லை; மனிதர் இல்லவே இல்லை. மகத்துவம் இருக்கின்றது, அதன் விலை இல்லை.

விலை என்ன என்று சரித்திரம் கூறும். திராஜன் பேரரசனின் போரமும், கி.பி. 113இல் அர்ப்பணிக்கப்பட்ட அவனது தூணும், தாசிய நாட்டின் மீது நடத்திய இரு யுத்தங்களிற் கிடைத்த கொள்ளைப் பொருளைக் கொண்டு எழுப்பப்பட்டவை. அத்தூணின் பீடம் முழுவதும் தோற்றவரின் கேடயங்களும் வாள்களும் கவசங்களும் குவியலாகச் செதுக்கப்பட்டுள்ளன. இத்தகைய ஆயுதக் குவியல் மறுமலர்ச்சி அச்சுச் சித்திரங்களில் மிக விரும்பப்பட்ட அலங்காரங்களுள் ஒன்று. சுவருக்கும் கதவுக்கும் பெட்டிக்கும் ஏற்ற கோலமாக அது ஐரோப்பா எங்கும் பரவியது. ஒரு மக்களினம் களையப்பட்ட ஆயுதங்கள் என்பதை அக்கோலத்தை வரைந்தோருள் எத்தனை பேர் நினைத்திருப்பர்?

போரத்தின் அருகே வெஸ்பாசியன் கோயிலின் சிற்பப் பட்டையிற் காளையின் தலையோடும் வெட்டுக் கத்தியும் கோடரியும் நீர்க்குடமும் வரிசையாக வருகின்றன. பலிக்குரிய கருவிகள் அவை. அரசனைத் தெய்வமாக்கிய சடங்கின் சாட்சிகள். தாளிலே வெட்டி ஒட்டப்பட்டதும் அவை பொருளிழந்து, வெறும் அழகுக் கோலமாகிவிட்டன.

தூணுக்குப் பதிலாக நின்று பாரம் சுமக்கும் பெண் உருவத்தின் கதை இன்னும் கசப்பானது. உரோமக் கட்டிடக்கலை ஆசிரியன் வித்ருவியஸ் தன் முதற் புத்தகத்திலேயே அதனைச் சொல்கின்றான். பாரசீகரின் பக்கம் சேர்ந்த கரியே என்னும் ஊரைக் கிரேக்கர் அழித்தனர், ஆண்களைக் கொன்றனர், பெண்களை அடிமைகளாக்கினர். அப்பெண்களின் இழிவை என்றும் நினைவூட்டவே கட்டிடக் கலைஞர் அவர்களைப் பாரம் சுமக்கும் உருவங்களாக அமைத்தனராம். இக்கதை நடந்ததா என்பதில் இன்றைய அறிஞர் ஐயுறுவர். ஆயினும் அலங்காரத்தின் பொருள் அடிமைத்தனம் என்று அவனே ஒளிவின்றி எழுதிவிட்டான். 1511இல் வெனிசில் வெளிவந்த படங்களுடன் கூடிய வித்ருவியஸ் பதிப்பில் அவ்வுருவமும் இடம்பெற்றது. பின்னர் அது மாளிகை முகப்புக்களில் நளினத்தின் அடையாளமாக நின்றது.

உரோமாபுரியைச் செதுக்கியவர் அனைவரும் அடிமைகள் என்று நாம் கூறவில்லை. கரராவின் சலவைக்கல் அகழிகளில் அடிமைகள் உழைத்தனர். ஆனால் பந்தியன் கோயிலின் முகமண்டபத்திற்குச் சாம்பல்நிறத் தூண்களை அனுப்பிய எகிப்தியப் பாலைவனத்துக் கல்லகழியில் 1987 முதல் நடந்த அகழாய்வுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. அங்கு கிடைத்த ஆயிரக்கணக்கான எழுத்தோடுகளிற் கூலிக் கணக்குகளும் தண்ணீர்ப் பங்கீட்டுப் பட்டியல்களும் காணப்படுகின்றன. கூலி பெற்ற கைத்தொழிலாளர் பலர் அங்கிருந்தனர். உண்மை எவ்வாறிருப்பினும் அதனை ஏற்பதே எமது கடன். அடிமையாயினும் கூலியாளாயினும், அவர்களைப் பற்றிய செய்தியைத் தந்தவை உடைந்த ஓடுகளேயன்றி மகத்துவத்தின் கண்ணாடி அன்று.

இச்சித்திரங்கள் இன்னொன்றையும் செய்தன. உரோமரின் கட்டிடங்கள் ஒன்றுபோல் ஒன்றிருக்கவில்லை. ஊருக்கும் காலத்திற்கும் கைக்கும் ஏற்ப அலங்காரம் மாறியது. நெருஞ்சிமுள் கைவினைஞரின் தாள்களில் இந்த வேறுபாட்டைக் காண்கின்றோம்; எந்த விதிக்கும் அடங்காத தூண்தலைகள் அவற்றில் உண்டு. ஆனால் விரைவில் விதி வந்து அமர்ந்தது. செர்லியோ 1537இல் வெளியிட்ட நூலில் ஐந்து முறைகளை வரிசைப்படுத்தினார். 1540இல் வந்த நூலில், மார்செல்லஸ் அரங்கின் தோரியக் கொடுங்கை வித்ருவியஸின் போதனைக்கு மாறானது என்று குற்றம் கண்டார். ஆயிரத்தைந்நூறு ஆண்டு நின்ற கல்லைப் புத்தகம் திருத்த முற்பட்டது! 1562இல் விக்னோலா எல்லாவற்றையும் அளவுகோலுக்குள் அடக்கினார். தூணின் உயரம் தெரிந்தாற் போதும். மற்றெல்லா அளவுகளும் கணக்கில் வந்துவிடும். 1570இல் பல்லாடியோவின் நான்கு நூல்கள் வெளிவந்தன.

இந்நூல்கள் கடல் கடந்தன. 1613இல் இத்தாலி சென்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் பல்லாடியோவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிடங்களைப் பார்த்து அதன் ஓரங்களிற் குறிப்பெழுதினார். அவர் நாட்டவர் பின்னர் பேரரசு அமைத்தபோது, அதிகாரம் எங்கு அமர்ந்ததோ அங்கெல்லாம் இத்தூண்களும் எழுந்தன. 1930இற் சட்டநிருபண சபைக்கெனக் கொழும்புக் காலிமுகத்திடலின் ஓரத்தில் திறக்கப்பட்ட கட்டிடத்தின் அயோனியத் தூண்வரிசையை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். அத்தூண்கள் இந்நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப எழுந்தவை அல்ல. பேரரசு எங்கும் ஒரே முகத்தைக் காட்ட வேண்டும் என்ற தேவைக்கு ஏற்ப எழுந்தவை. போரத்திலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து புத்தகத்திற்கும், புத்தகத்திலிருந்து எமது கடற்கரைக்கும் அவை வந்த பாதை இதுவே.

இவ்வளவும் கேட்ட நண்பர் சிலர், "அப்படியாயின் இவற்றைத் தூக்கியெறியுங்கள்; ஆளுவோரின் அலங்காரம் எமக்கெதற்கு?" என்பர். எமது அணியிலேயே இவ்வாறு பேசுவோர் உளர். இவர்களையும் நாம் ஏற்பதற்கில்லை. அலங்காரத்தை ஆணையிட்டவன் அரசன். அதனை ஆக்கியவன் உழைப்பாளி. ஆணையிட்டவன்மீதுள்ள வெறுப்பினால் ஆக்கியவனின் கைத்திறனை மறுப்பது, அரசனுக்கே அக்கலையை முழுதும் எழுதிக் கொடுப்பதாகும். திராஜனின் போரத்தை அமைத்த தமாஸ்கஸ் நகரத்து அப்பொல்லோதோரஸின் பெயர் எமக்குத் தெரியும். அதில் உளி பிடித்த எண்ணற்றோரின் பெயர் தெரியாது. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே எழுத்து அந்த இலையும் சுருளுமே. அதனையும் அழித்துவிடச் சொல்வதா முற்போக்கு?

அச்சுச் சித்திரத்திற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதற்கு முன்னர் உரோம அலங்காரத்தை அளந்து வரைந்த சித்திரங்கள் பட்டறைகளிலும் புரவலரின் பேழைகளிலும் அடைபட்டுக் கிடந்தன. அத்தாள் அச்சேறியபின், உரோமாபுரிக்குப் போக வசதியற்ற கொத்தனும் தச்சனும் தட்டானும் அதனைக் காண முடிந்தது. செர்லியோ தம் நூலை இலத்தீனில் எழுதாது மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். 1539இலேயே அவருடைய அனுமதியின்றி அன்ற்வேர்ப் நகரில் அதன் பிளெமிய மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. தனியுரிமை கேட்டவரின் தனியுரிமை ஓரிரு ஆண்டுகூட நிற்கவில்லை! அறிவு வேலிக்கு அடங்குவதில்லை. அச்சு இலாபத்திற்காகப் பிறந்தது. ஆயினும் இலாபம் தேடியோர் எதிர்பாராத கைகளுக்கும் அது அறிவைக் கொண்டு சென்றது. இந்த முரண்பாட்டைக் காணாதவர் சரித்திரத்தின் இயக்கத்தையே காணாதவராவர்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இத்தாள்கள் சாட்சிகள். செப்திசோதியத்தை உடைத்தவர்கள் அது அங்கு இருக்கவேயில்லை என்று சொல்ல முடியாதபடி செய்தவை அவை. காப்பதற்கென்று அவை செய்யப்படவில்லை, விற்பதற்கென்றே செய்யப்பட்டன. எனினும் இன்று அழித்தவருக்கு எதிராக நின்று பேசுகின்றன. சாட்சியை எரிப்பதால் இலாபம் அடைபவர் குற்றவாளியே. எனவே நாம் அவற்றை வைத்துக்கொள்வோம். ஆனால் விற்றவர் விரும்பியபடி அவற்றைப் பார்க்க மாட்டோம்.

ஆசிரியர்களை நாம் வேண்டுவது இதுவே. இச்சித்திரங்கள் இன்று பெரிய நூலகங்களின் பெட்டகங்களுக்குள் மட்டும் இல்லை. கணினித் திரையில் எவரும் அவற்றைக் காணலாம். வகுப்பறையில் அவற்றைக் காட்டுங்கள். அவற்றின் அழகைச் சொல்லத் தயங்காதீர்கள். அதன்பின் மாணவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இக்கல்லை வெட்டியவர் யார்? இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? படம் வரைந்தபின் இக்கல்லுக்கு என்ன நேர்ந்தது? முதற் கேள்விக்குப் பெரும்பாலும் பெயர் கிடைக்காது. இரண்டாவது கேள்வி யுத்தத்திற்கும் வரிக்கும் இட்டுச் செல்லும். மூன்றாவது கேள்வி பல வேளைகளிற் சுண்ணாம்புச் சூளையின் வாயிலில் வந்து நிற்கும். இம்மூன்றையும் கேட்டுப் பழகிய மாணவன், மறுமலர்ச்சி காப்பாற்றியது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டான். நாளை தன் ஊரிலே ஒரு பழங்கட்டிடத்தைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு இடிக்க வருவோரையும் அவன் அதே கேள்விகளைக் கேட்பான்.

நெருஞ்சிமுள் கைவினைஞர் தம் பெயரை மறைத்து ஒரு முள்ளை மட்டும் விட்டுச் சென்றார். ஏன் அந்த அடையாளத்தைத் தெரிந்தார் என்பது எமக்குத் தெரியாது. அவருடைய தாளை வெறும் அழகென்று பார்த்துக் கடந்து செல்ல முற்படும் எவருடைய காலிலும் அம்முள் தைக்குமாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.